நாளை காலை இறக்கப் போகிறோம்

யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற சத்தம். நற, நற, ஒரு இடைவெளி, மறுபடி நற. கையிலிருந்த டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தொட்டில் பக்கம் வந்து நிற்கிறேன், ஆக்னஸ் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், பல் ஒன்றோடொன்று படவே இல்லை, மேலே நாலு கீழே இரண்டு, ஆறு பல்லை வைத்துக்கொண்டு இத்தனை சத்தம் எப்படி வரும். நெற்றியில் புறங்கையை வைத்தேன். சூடில்லை. அடுப்புப் பக்கம் நின்ற கை, அதை நம்ப முடியாது, கன்னத்தை வைத்தேன், உதட்டை வைத்தேன். சூடில்லை. அப்புறம்தான் சத்தம் வெளியிலிருந்து வருகிறது என்று காது ஒப்புக்கொண்டது. கார் ஷெட்டின் உத்தரத்தில் வேலாயுதம் மேஸ்திரி சாயங்காலம் மாட்டிவிட்டுப் போன சங்கிலி. இஞ்சினைத் தூக்குவதற்கான சங்கிலி. காற்று அதைத் தகரத்தோடு தேய்க்கிறது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதி வைக்கிறேன். இது ஆக்னஸின் காய்ச்சல் நோட்டு. முன்பக்கம் தேதி, மணி, டிகிரி என்று கோடு போட்டு ஐந்து மாதமாக எழுதி வருகிறேன், தூங்க முடியாத நாட்களில் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். ஒரு நாள் இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். மணி எட்டரை. ஒன்பதரை வாக்கில், வத்தலகுண்டிலிருந்து எஸ்டேட்டுக்கு உரமூட்டை ஏற்றி வருகிற கனியண்ணனின் ஜீப் மேலே வரும். அதுவரைக்கும் விழித்திருக்க வேண்டும். ஏன் விழித்திருக்க வேண்டும் என்பதை இன்னும் கொஞ்சம் கழித்து எழுதலாம், இப்போது எழுதினால் அது உண்மையாகிவிடும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியதை முடிவு செய்ய வேண்டும். "காலைல ஆறரைக்கு வந்துருவேன், வேணாம்னா இப்பவே சொல்லிரு தாயி, பண்ணைக்காட்டுலருந்து ஆளக் கூட்டிக்கிட்டு வந்தப்புறம் வேணாங்கக் கூடாது," என்றார் மேஸ்திரி. காலையில் சொல்கிறேன் என்றேன். "காலைல நான் இங்கனதான நிப்பேன், என்னத்தச் சொல்லுவ," என்று சிரித்துவிட்டுச் சங்கிலியை மாட்டப் போய்விட்டார். சரி என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நின்றதையே அவர் சரி என்று எடுத்துக்கொண்டு உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார். என் விஷயங்கள் எல்லாம் இப்படித்தான் முடிவாகியிருக்கின்றன, கல்யாணம்கூட. கார் அப்பாவுடையது. ஐம்பத்தெட்டாம் வருஷத்து வண்டி, கறுப்பு, உருண்டை முகம், இரண்டு விளக்கும் பிதுங்கி நிற்பதால் தவளை என்று பெயர். அப்பா செத்துப் போகிறவரைக்கும் எல்லோரிடமும் ஒரே பெருமைதான் பேசினார், கை படாத இஞ்சின், இதுநாள் வரை ஒருத்தன் கழற்றி இறக்கினதில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்போல, உங்களது இறக்கினதா, எங்களது இறக்காதது. அந்த இறக்காத இஞ்சின் ஒரு மாதமாகத் தட்டுகிறது. ஏற்றத்தில் மட்டும் தட்டியது, இப்போது நிறுத்தி வைத்தாலும் தட்டுகிறது. மேஸ்திரி நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், டாக்டரைப் போல. அப்புறம் என் காதில் வைத்தார். "கேக்குதா?" கேட்டது. தூரத்தில் யாரோ நெல் குத்துகிற மாதிரி, அவசரமில்லாமல். உள்ளே ஒரு பேரிங் தேய்ந்திருக்கிறதாம். மூன்று வழி சொன்னார். இப்படியே ஓட்டலாம், எந்த வளைவில் உடையும் என்று சொல்ல முடியாது. காருக்கு அடியில் படுத்து ஆயில் தொட்டியைக் கழற்றிப் பேரிங்கை மட்டும் மாற்றலாம், மூன்று நாள் வேலை, ஆனால் உள்ளே சுழல்கிற தண்டும் தேய்ந்திருந்தால் அது ஒரு மாசமோ ஒரு வருஷமோதான் தாங்கும். இல்லையென்றால் முழுசாக இறக்க வேண்டும், மதுரைக்கு அனுப்பித் தண்டைக் கடைந்து வாங்க வேண்டும், இருபத்தைந்து நாள். மழைக்காலத்தில் இருபத்தைந்து நாள் கார் இல்லாமல். காலை ஏழு மணி பஸ், சாயங்காலம் நாலு மணி பஸ், நடுவில் மலை. "தூக்கி எடுக்கிறதைப் போய் இறக்குறதுன்னு சொல்றீங்களே," என்று கேட்டேன், ஏதாவது பேசாவிட்டால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால். "தூக்கித்தான் தாயி இறக்கணும்," என்றார்.

தூக்கித்தான் இறக்க வேண்டும். எங்கள் கான்வென்ட்டில் தமிழ் பேசினால் பத்துப் பைசா அபராதம், ஆனால் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சிலுவைப்பாதை தமிழில், சமையல்கார அம்மாக்களும் வருவார்கள் என்பதால். பதினாலு ஸ்தலம், ஒவ்வொன்றுக்கும் முழங்காலிட்டு எழுந்திருக்க வேண்டும். பன்னிரண்டாவதில் ஆண்டவர் சிலுவையில் இறக்கிறார். பதின்மூன்றாவதில் அவரைச் சிலுவையிலிருந்து இறக்குகிறார்கள். எனக்கு அப்போது பத்து வயசு, தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு பரீட்சையில் பதின்மூன்றாம் ஸ்தலத்தில் ஆண்டவர் மறுபடியும் இறக்கிறார் என்று எழுதினேன். தமிழ் மிஸ் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஒரு தடவை போதாதா என்று பக்கத்தில் எழுதியிருந்தார்கள். வகுப்பு முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் படம் மறக்கவில்லை, ஏணி, துணி, மேலேயிருந்து நழுவி வருகிற உடம்பு, கீழே மடியை விரித்துக்கொண்டு அவருடைய அம்மா. ஏந்திக்கொள்ள எத்தனை பேர் இருந்தார்கள் என்று இப்போது எண்ணத் தோன்றுகிறது. ஏணியில் இரண்டு பேர், கீழே மூன்று பேர். அவளுக்கு மடியை விரிப்பது மட்டும்தான் வேலை. நான் இங்கே ஏணியும் பிடித்து, துணியும் பிடித்து, மடியையும் விரிக்க வேண்டும். ச்சே, என்ன எழுதுகிறேன், உயிரோடு இருக்கிற குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எழுந்து போய்த் தொட்டேன். சூடில்லை. காலை மடக்கிக் குப்புறத் திரும்பினாள், ஈரமில்லை. மணி ஒன்பதாக ஐந்து நிமிஷம்.

இப்போது எழுதிவிடுகிறேன். இன்று நாலு மணிக்கு எஸ்டேட் ஆபீஸுக்குப் போய் இவருக்குப் போன் போட்டேன். இவர் வத்தலகுண்டில் காபிக்கொட்டை மில்லில் இருக்கிறார், ஜூனிலிருந்து. அதற்கு முன்னால் இங்கே எஸ்டேட் கணக்கப்பிள்ளை. கீழே வெயில் குழந்தைக்கு ஆகாது, நீ மேலேயே இரு என்று எங்களை இங்கே வைத்துவிட்டுப் போனார், அவளுக்கு வலிப்பு வந்த பிறகும் அதையேதான் சொன்னார், உடம்பு சூடானால்தானே வருகிறது என்று, சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறார். போனை எடுத்தது மில் ஆபீஸ் முத்தையா சார். சவரிநாதன் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார், சொல்லுங்கள் எழுதிக்கொள்கிறேன் என்றார். முத்தையா சாருக்குப் பேச்சுத்தமிழ் எழுத வராது. பாப்பாவுக்கு லேசாகச் சளி என்று ஒருமுறை சொன்னதைக் குழந்தைக்குக் கபம் கட்டியுள்ளது என்று எழுதி, இவர் பயந்துபோய் வந்து நின்றார். நான் சொன்னேன், நாளைக்குக் காலைல இறக்கப் போறோம், அவர் வந்தா நல்லாருக்கும்னு சொல்லுங்க சார். அவர் எழுதி, வாசித்துக் காட்டினார், நாளை காலை இறக்கப் போகிறோம், தாங்கள் வந்தால் நலம், சரிதானேம்மா. சரி சார் என்றேன். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் இஞ்சின் என்ற வார்த்தையே கிடையாது, இறக்கலாமா வேண்டாமா, இறக்கினால் எத்தனை நாள், இவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான், ஓடுற வரைக்கும் ஓடட்டும், இறக்குறவனுக்குத் திருப்பி ஏத்தத் தெரியணுமே. அதனால் எனக்கு உறைக்கவில்லை. சாயங்காலம் சோறு ஊட்டிவிட்டு, நோட்டில் இன்றைய டிகிரியை எழுதிவிட்டு, மறந்துவிடக் கூடாதே என்று அதன் கீழே எழுதி வைத்தேன். நாளை காலை இறக்கப் போகிறோம். எழுதியதைப் பார்த்தேன். என் கையெழுத்தில், குழந்தையின் பெயர் போட்ட பக்கத்தில், 98.4-க்குக் கீழே. பத்து வயசில் பார்த்த சிவப்பு வட்டம் மாதிரி அந்த வரியைச் சுற்றி ஏதோ ஒன்று வந்து நின்றது. நாளை காலை நாங்கள் இறக்கப் போகிறோம். நாங்கள் என்றால் யார். நானும் அவளும்.

ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள், வேறு போன் இல்லை. திருத்த முடியாது. முதலில் இவரை நினைத்துத்தான் பயந்தேன், அதைப் படித்துவிட்டு எப்படித் துடிப்பார் என்று. கிடங்கிலிருந்து அப்படியே ஓடி வருவார், சட்டையெல்லாம் காபித் தொலி, ஏதாவது காய்கறி லாரியைக் கைகாட்டி நிறுத்துவார், ஏறின பிறகுதான் செருப்பு போடவில்லை என்று பார்ப்பார். வந்து இறங்கி ஷெட்டில் சங்கிலியைப் பார்த்ததும் புரிந்துவிடும். இதுக்காடி என்பார். திட்டுவார், திட்டட்டும். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரிப்பார், முத்தையா சாரை நாலு வார்த்தை சொல்வார், நான் காபி போடுவேன். இதை நான்கு தடவை நினைத்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் காபி போடுகிற இடத்தில் நிறுத்தி அங்கேயே நிற்கிறேன். அப்போதுதான் தெரிந்தது, அவர் தப்பாகப் படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். ஏழு மணியிலிருந்து அதற்குத்தான் காத்திருக்கிறேன். இஞ்சின் என்று சொல்ல மறந்துவிட்டேன் என்பது உண்மைதானா என்றுகூட இப்போது எனக்குத் தெரியவில்லை. முத்தையா சார் வாசித்துக் காட்டியபோது ஒரு வினாடி இருந்தது. ஒரு வினாடி, போனின் இரைச்சல் மட்டும் கேட்ட ஒரு வினாடி. அந்த வினாடியில் எனக்குத் தெரிந்திருந்ததோ. தெரிந்துதான் சரி சார் என்றேனோ. அப்படியானால் நான் எப்படிப்பட்டவள்.

இதையும் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் இதுவரை எழுதியது பொய். முதல் தடவை வலிப்பு வந்தது ஜூன் மாதம், இவர் கீழே போய் ஒன்பதாவது நாள். ராத்திரி ஒரு மணி, கண் மேலே செருகிக்கொண்டது, உதடு நாவல்பழம் தின்ற மாதிரி, கையும் காலும் யாரோ இழுத்து விடுகிற மாதிரி. துணி போடுகிற பிரம்புக்கூடையில் அவளை வைத்துப் பக்கத்து ஸீட்டில் வைத்தேன், தவளையைக் கிளப்பினேன், ஒரே திருகில் கிளம்பியது. இடது கை கூடையில், வலது கை ஸ்டீயரிங்கில், கியர் மாற்றும்போது கூடையை விட வேண்டும், விடுகிற ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைத்தேன். மூன்றாவது வளைவுக்குள் வலிப்பு நின்று அவள் தூங்கிவிட்டாள், அது எனக்குத் தெரியவில்லை, அசைவு இல்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. எட்டாவது வளைவில் வெளிச்சம் ரோட்டை விட்டு வெளியே போய் வெறும் பனியில் விழுந்தது. வெள்ளையாக, துணி விரித்த மாதிரி. திருப்பாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பயமாகத் தோன்றவில்லை, வேலை முடிந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் தும்மினாள். திருப்பினேன். இதை இவரிடம் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "வந்த வலிப்பு தானா நின்னுடுச்சேம்மா, இந்த இருட்டுல இந்த மலையில எதுக்கு இவ்வளவு வேகமா ஓட்டிட்டு வந்தீங்க? ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, காய்ச்சலை இறக்கப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினாத்தான் ஓடி வரணும்," என்றார். போன மாதம் இரண்டாவது தடவை. கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார், நான் பார்க்கவில்லை, கூடையை எடுத்தேன். இந்தத் தடவையும் மூன்றாவது வளைவுக்குள் நின்றுவிட்டது. இந்தத் தடவை அவள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது, ஆனாலும் கீழே போய்ச் சேரும்வரை ஓட்டினேன். திரும்பி ஏறி வரும்போதுதான் இஞ்சின் தட்ட ஆரம்பித்தது. இத்தனை நாள் யோசித்ததில் ஒன்றை மட்டும் யோசிக்காமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். அந்தக் கார் ஒரு தடவைகூட அவளைக் காப்பாற்றவில்லை. அவள் தானாகத்தான் பிழைத்தாள், ஓடின அந்த ஒரு மணி நேரமும் எனக்காக. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷத்தை எண்ணத் தைரியமில்லாத எனக்காக. இஞ்சினை இறக்கிவிட்டால் ஓட இடமில்லை, எட்டாவது வளைவும் இல்லை. இருபத்தைந்து நாளும் நானும் அவளும் ஒரு கடிகாரமும். காலையில் சொல்கிறேன் என்று மேஸ்திரியிடம் தள்ளிப்போட்டது அதனால்தான். ஆனால் இஞ்சின் அங்கே இருந்தால் மூன்றாம் தடவை நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். தட்டுகிற இஞ்சினோடு, அதே ரோட்டில், அதே கூடையோடு.

ஜீப் சத்தம். பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். விளக்கு திருப்பத்தில் ஏறி வந்து நின்றது, தூறலில் கனியண்ணன் மட்டும் இறங்கினார். பக்கத்து ஸீட்டைப் பார்த்தேன், சாக்கு. பின்னால் பார்த்தேன், உரமூட்டை. "தூங்கலையா தங்கச்சி, பாப்பா எப்டி இருக்கு?" நல்லா இருக்கு அண்ணே என்றேன். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்தார். "சவரி குடுத்தாப்ல." நான் சொல்லி அனுப்பியதைப் படித்துவிட்டு என்ன சொன்னார் என்று கேட்டேன், குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "என்னத்தச் சொல்ல, ஸ்டாக் எடுக்கிற நாளு, ஒரே சாக்குத்தூசி. கொஞ்ச நேரம் பேப்பரப் பாத்துக்கிட்டே நின்னாப்ல. பெறகு பேனா கேட்டாப்ல." சமையலறை வெளிச்சத்தில் பிரித்தேன். இறக்க வேண்டாம். சனிக்கிழமை வருகிறேன். இவருடைய சாய்ந்த எழுத்து, கணக்கு எழுதுகிற எழுத்து. மறுபடி படித்தேன். இறக்க வேண்டாம். அந்த இரண்டு வார்த்தையில் நின்றால் அவர் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது, என் தலையில் கை வைத்துச் சொன்ன மாதிரி, இறக்க வேண்டாம் ஜெசிந்தா. அடுத்த வரிக்குப் போக மனசில்லாமல் அங்கேயே நின்றேன். ஆனால் அடுத்த வரி இருந்தது. இன்று செவ்வாய். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டி பிள்ளை சாகப் போகிறார்கள் என்று படித்துவிட்டுச் சனிக்கிழமை வருகிறேன் என்று எழுத மாட்டான். ஆக, சரியாகத்தான் படித்திருக்கிறார், இஞ்சின் என்றுதான் படித்திருக்கிறார், ஒரு நொடிகூட வேறு எதுவும் தோன்றவில்லை. அப்படியானால் கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்துக்கொண்டு எதற்கு நின்றார். நின்று, நினைத்துப் பார்த்து, அப்புறமும் சனிக்கிழமை என்று எழுதினாரா. இந்த இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இன்றைக்கு யாரும் வரவில்லை.

"பதில் ஏதாச்சும் சொல்லணுமா? காலைல அஞ்சரைக்குக் கீழ எறங்கிருவேன்," என்று வாசலில் நின்று கேட்டார் கனியண்ணன். காலையில் ஆறரைக்கு மேஸ்திரி வருவார், பொழுது விடிந்த பிறகு நான் நானாக இருப்பேனா என்று தெரியாது, அதனால் இப்போதே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "இறக்கப் போறோம்னே சொல்லிருங்க அண்ணே," என்றேன். கனியண்ணன் ஜீப்புக்குப் போகத் திரும்பியவர் நின்றார். முகத்தைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இஞ்சினத்தான சொல்ற?" என்று கேட்டார். ஒருத்தராவது இதைக் கேட்டுவிட்டார். என் கணவன் இல்லை, என் கூடப் பிறந்தவர் இல்லை, உரமூட்டை ஏற்றுகிறவர், வாசலில் நனைந்துகொண்டு. தலையை ஆட்டினேன். அவர் நகரவில்லை. "வாயத் தொறந்து சொல்லு தங்கச்சி." "ஆமாண்ணே. இஞ்சினைத்தான்." "ம். அப்படி வெளக்கமாச் சொல்லணும். நான் சவரிட்டயும் அப்படியே சொல்றேன்," என்றவர், இரண்டடி போய், "நாளைக்கு ராத்திரியும் இப்படிக்கா வந்து ஒரு சத்தம் குடுத்துட்டுப் போறேன்," என்றார். ஜீப் மேலே போயிற்று. உள்ளே வந்தேன். ஜூனிலிருந்து நான் ராத்திரியில் கதவைச் சும்மா சாத்தித்தான் வைக்கிறேன், கூடையோடு ஓடுகிறபோது தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டக் கூடாது என்று. ஐந்து மாதமாகத் திருடனுக்கும் பாம்புக்கும் திறந்து கிடந்த கதவு, எனக்கு அந்தப் பயம் வந்ததே இல்லை. பிரம்புக்கூடையை எடுத்து, அதில் பழையபடி துவைக்க வேண்டிய துணியைப் போட்டேன். கடிகாரத்தை ஆணியிலிருந்து எடுத்துத் தொட்டில் பக்கத்தில் வைத்தேன். சூடில்லை. இன்று இல்லை, நாளைக்கு இருக்கலாம், இருந்தால் இங்கேயேதான். தாழ்ப்பாள் துருப்பிடித்து நகரவில்லை, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து இழுத்தேன், அது கத்திக்கொண்டே போய் ஓட்டைக்குள் விழுந்தது.